கணினிக் கேள்வி–பதில்: ‘மெமரி போதாது’ என்று கணினி சொன்னால்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரெம் பற்றியவை, அதாவது புரோகிராம்கள் ஓடும்போது கணினி பாவிக்கும் தற்காலிக மெமரி பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

மகள் உயர்தரம் படிக்கிறாள். வீட்டில் இருப்பது பழைய டெஸ்க்டொப்: 4 ஜிபி ரெம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 64 பிட் விண்டோஸ் 10. ஸூம் வகுப்பு, குரோம், பாடக்குறிப்பு பிடிஎஃப் எல்லாம் ஒன்றாகத் திறந்தால் ‘மெமரி குறைவு, புரோகிராம்களை மூடுங்கள்’ என்று ஒரு பெட்டி வருகிறது. பேஜிங் ஃபைலை நிறுத்தினால் வேகம் கூடும் என்கிறார் கடைக்காரர். ரெம்மின் ஒன்றரை மடங்கு வைக்க வேண்டும், 6144 என்று அடியுங்கள் என்கிறார் மச்சான். யார் சொல்வது சரி? (ஹட்டன்)

ரெம்மில் இடம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் துணை இடம்தான் பேஜிங் ஃபைல். கடைக்காரர் சொன்னதைச் செய்யவே வேண்டாம். மச்சான் சொன்ன எண்ணால் கெடுதல் இல்லை. ஆனால் அந்த ஒன்றரை மடங்குக் கணக்கு, ரெம் 128, 256 எம்பி இருந்த காலத்தது. ரெம் குறைந்தவருக்குத்தான் பேஜிங் ஃபைல் கூடுதலாகத் தேவை. இந்தக் கணக்கோ 4 ஜிபி வைத்திருப்பவருக்கு 6, 32 ஜிபி வைத்திருப்பவருக்கு 48 என்று தலைகீழாகப் பங்கு பிரிக்கிறது.

முதலில் உங்கள் கணினி எதைக் கேட்கிறது என்று பாருங்கள். கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் வரும். அதில் ‘பெர்ஃபோமன்ஸ்’, பிறகு ‘மெமரி’. கீழே ‘கொமிட்டட்’ என்ற தலைப்பில் 5.6/5.9 ஜிபி என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். வலது பக்க எண் எல்லை. ரெம்மும் பேஜிங் ஃபைலும் கூடினால் வருவது அது. இடது பக்க எண், புரோகிராம்களுக்கு விண்டோஸ் இதுவரை கொடுத்திருக்கும் வாக்கு. கடன் கொப்பியில் எழுதிய தொகையைப் போல நினைத்துக்கொள்ளுங்கள்: சாமான் இன்னும் முழுதாக வீட்டுக்கு வந்திருக்காது, ஆனால் கொப்பியில் ஏறிவிட்டது, எல்லையைத் தாண்டி எழுத முடியாது. அந்த எச்சரிக்கைப் பெட்டி வருவது இந்த எல்லை நெருங்கும்போதுதான். ரெம்மில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தாலும் அது வரும்.

பேஜிங் ஃபைலை நிறுத்தினால் என்ன ஆகும்? 5.9 ஆக இருந்த எல்லை 3.8 அளவுக்கு இறங்கும். எதையும் திறக்காத நிலையிலேயே விண்டோஸ் 2 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் ஸூமும் குரோமும் நிற்காது. டாப்கள் செத்துப்போகும், வகுப்பு நடுவில் ஸூம் தானாக மூடிக்கொள்ளும். ‘வேகம் கூடியது’ என்று முதல் நாள் தோன்றுவது, ஒன்றும் திறக்காமல் பார்த்ததால்.

இனிச் செய்ய வேண்டியது. ஸ்டார்ட் தேடல் பெட்டியில் ‘பெர்ஃபோமன்ஸ்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் ‘அட்ஜஸ்ட் த அப்பியரன்ஸ் அன்ட் பெர்ஃபோமன்ஸ் ஒஃப் விண்டோஸ்’ என்று ஒன்று வரும். அதைத் திறந்து ‘அட்வான்ஸ்ட்’ டாப்புக்குப் போய், பேஜிங் ஃபைல் அமைப்பு இருக்கும் ‘வேர்ச்சுவல் மெமரி’ என்ற கட்டத்தில் ‘சேஞ்ச்’ பொத்தானை அழுத்துங்கள். மேலே ‘ஒட்டோமெட்டிக்கலி மெனேஜ்’ என்று தொடங்கும் வரிக்கு டிக் இருந்தால், அதை அப்படியே விடுவதுதான் நல்லது. தானியங்கி அமைப்பில் விண்டோஸ் இந்த ஃபைலை ரெம்மின் மூன்று மடங்கு அல்லது 4 ஜிபி, இவற்றில் எது பெரிதோ அதுவரை வளர்க்கும். ஆனால் அந்த டிரைவின் மொத்த அளவில் எட்டில் ஒன்றைத் தாண்டாது. உங்கள் சி டிரைவ் 100 ஜிபி என்றால் 12 ஜிபி வரை வளர இடமுண்டு.

பிறகு ஏன் பெட்டி வருகிறது? பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்று. யாரோ முன்பே அந்த டிக்கை எடுத்துவிட்டு 1024 அல்லது 2048 என்று சின்ன எண் வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் சி டிரைவ் நிரம்பி வழியும். 2 ஜிபி மட்டும் காலியாக இருக்கும் டிரைவில் ஃபைல் எங்கே வளரும்? சி டிரைவில் குறைந்தது 15 ஜிபி காலியாக்குங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ என்று போனால் பழைய அப்டேட் குப்பைகளே பல ஜிபி இருக்கும். ‘டவுன்லோட்ஸ்’ என்ற வரிக்கு டிக் போட்டு அழித்துவிடாதீர்கள். மகளின் பாஸ்ட் பேப்பர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

கையால் அளவு வைத்தே ஆக வேண்டும் என்றால், டிக்கை எடுத்து, சி டிரைவைத் தெரிவு செய்து, ‘கஸ்டம் சைஸ்’ இல் ‘இனிஷியல்’ 4096, ‘மெக்ஸிமம்’ 8192 என்று அடியுங்கள். எண்கள் எம்பி கணக்கில், ஆகவே 4 ஜிபி வேண்டுமானால் 4 என்று அடிக்கக்கூடாது. அடித்ததும் ‘செட்’ பொத்தானை அழுத்துங்கள். பலர் இதை விட்டுவிட்டு நேரே ‘ஓகே’ கொடுக்கிறார்கள், ஒன்றுமே மாறியிருக்காது. கடைசியாக ரீஸ்டார்ட் செய்து, கொமிட்டட் வரியின் வலது எண் உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உயராவிட்டால் மாற்றம் ஏறவில்லை.

எந்தப் புரோகிராம் அதிகம் விழுங்கியது என்று விண்டோஸே எழுதி வைத்திருக்கும். ‘ஈவன்ட் வியூவர்’ திறந்து ‘விண்டோஸ் லொக்ஸ்’, ‘சிஸ்டம்’ போய், இலக்கம் 2004 உள்ள எச்சரிக்கையைத் தேடுங்கள். அதிகம் எடுத்த புரோகிராம்களின் பெயர்கள் அதில் இருக்கும்.

இத்தனையும் செய்தால் பெட்டி வராது, வகுப்பு நடுவில் அறுந்துபோகாது. ஆனால் வேகம் வராது; அதை எதிர்பார்க்க வேண்டாம். ரெம்மில் ஒன்றைத் தேட மைக்ரோ செக்கன்களைவிடக் குறைந்த நேரம் போதும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் அதையே தேட 10 மில்லி செக்கன் அளவாகும். கொமிட்டட் எல்லைக்குள் இருந்தும் ‘அவெய்லபிள்’ (மிச்சமுள்ள ரெம்) 300 எம்பிக்குக் கீழே கிடக்கிறது, டிஸ்க் நூறு சதவீதத்தில் நிற்கிறது என்றால் பேஜிங் ஃபைலை எவ்வளவு பெருப்பித்தும் பலனில்லை. இன்னொரு 4 ஜிபி ரெம் போடுவதுதான் வழி. அதுவரை குரோமின் செட்டிங்ஸில் ‘பெர்ஃபோமன்ஸ்’ பகுதிக்குப் போய் ‘மெமரி சேவர்’ ஐப் போட்டுவிடுங்கள். ஸூமைப் போனில் வைத்துக்கொண்டு, கணினியில் பிடிஎஃப் மட்டும் திறந்தாலும் சமாளிக்கலாம்.

4 ஜிபி ரெம்முடன் இன்னொரு 4 ஜிபி போட்டேன். ‘இன்ஸ்டோல்ட் மெமரி 8 ஜிபி, 3.4 ஜிபி யூசபிள்’ என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? (நுவரெலியா)

கார்ட் நல்லது. உங்களிடம் இருப்பது 32 பிட் விண்டோஸ். செட்டிங்ஸ், சிஸ்டம், எபவுட் போய் ‘சிஸ்டம் டைப்’ வரியைப் பாருங்கள். 32 பிட் விண்டோஸால் 4 ஜிபிக்கு மேல் முகவரி எண்ண முடியாது. அந்த 4 இலும் ஒரு பகுதி கிரஃபிக்ஸுக்கும் மற்ற வன்பொருளுக்கும் போவதால் 3.2 முதல் 3.5 வரைதான் மிஞ்சும். எத்தனை கார்ட் செருகினாலும் அந்த எண் அசையாது.

அதே வரியில் ‘எக்ஸ்64 பேஸ்ட் புரொஸெஸர்’ என்று இருந்தால் 64 பிட் விண்டோஸ் போடலாம். இருக்கும் 32 பிட்டின் மேலேயே அப்கிரேட் செய்ய வழியில்லை. ஃபைல்களை வேறிடத்தில் கொப்பி எடுத்துவிட்டு, பென் டிரைவிலிருந்து புதிதாக நிறுவ வேண்டும். விண்டோஸ் 10 ஏற்கெனவே முறையாக எக்டிவேட் ஆகியிருந்தால் அதே லைசென்ஸ் 64 பிட்டுக்கும் செல்லும், ஹோமுக்கு ஹோம், புரோவுக்கு புரோ என்று அதே பதிப்பைப் போட்டால். 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் எடுங்கள். விண்டோஸ் 11 இல் 32 பிட் பதிப்பே கிடையாது.

64 பிட்டாக இருந்தும் இப்படிக் காட்டினால், ‘சிஸ்டம் கொன்ஃபிகரேஷன்’ திறந்து ‘பூட்’, ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’ போய் ‘மெக்ஸிமம் மெமரி’ க்கு டிக் இருக்கிறதா என்று பாருங்கள். ‘வேகமாக்கும் வழி’ என்று வீடியோ பார்த்தவர்கள் அதைப் போட்டு வைப்பதுண்டு. அது ரெம்மைக் கூட்டாது. எல்லை மட்டும் வைக்கும். டிக்கை எடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

4ஆம் தலைமுறை ஐ3 லெப்டொப்புக்கு ரெம் வாங்கக் கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். ஒரே பயணத்தில் சரியானதை வாங்க என்ன பார்க்க வேண்டும்? (பண்டாரவளை)

பஸ் ஏறுமுன் டாஸ்க் மெனேஜரின் மெமரிப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஸ்லொட்ஸ் யூஸ்ட் 1 ஒஃப் 2’ என்றால் ஒரு இடம் காலி. ‘ஃபோம் ஃபெக்டர்’ வரியில் ‘ரோ ஒஃப் சிப்ஸ்’ என்று இருந்தால் அந்த ரெம் மதர்போர்டிலேயே ஒட்டப்பட்டது, கழற்ற முடியாது. அடுத்து, கீழ் மூடியைத் திறந்து, இருக்கும் கார்டின் ஸ்டிக்கரையும் படம் எடுங்கள். கடையில் இந்த இரண்டு படங்களும் போதும்.

உங்கள் வகைக்குத் தேவை டிடிஆர்3எல், 204 பின், 1.35 வோல்ட். ஸ்டிக்கரில் ‘பிசி3எல்-12800எஸ்’ என்று இருக்கும். ‘எல்’ இல்லாத ‘பிசி3-12800எஸ்’ 1.5 வோல்ட் கார்ட். பின்னும் பள்ளமும் ஒன்றுபோல இருப்பதால் அழகாகச் செருகிக்கொள்ளும், ஆனால் 4ஆம் தலைமுறை லெப்டொப்களில் திரை கறுப்பாகவே நிற்கும். பாவித்த ரெம் வாங்குபவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். டிடிஆர்4 கார்டில் 260 பின், பள்ளமும் வேறிடத்தில்; அது செருகவே செருகாது, ஆகவே அந்தத் தவறு நடக்காது.

இரண்டு கார்டும் ஒரே கம்பனியாக இருக்க வேண்டியதில்லை. வேகம் வேறுபட்டால் இரண்டும் குறைந்த வேகத்தில் ஓடும், அவ்வளவுதான். 4 உடன் 8 சேர்த்து 12 ஆக்கினாலும் சரி. பாவித்த கார்ட் என்றால் மாற்றித் தருவதாக ஒரு கிழமைத் தவணையாவது பில்லில் எழுதி வாங்குங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா வரை போகிறவர்கள் லெப்டொப்பையே கொண்டுபோய் அங்கேயே செருகிப் பார்த்துவிட்டுக் காசு கொடுப்பது மேல்.

வீட்டில் போடுவதானால் சார்ஜரையும் பற்றரியையும் கழற்றி, பவர் பொத்தானைப் பத்து செக்கன் அழுத்திப் பிடியுங்கள். கார்டை 30 பாகை சாய்வில், பொன்னிறப் பற்கள் கிட்டத்தட்ட மறையும் வரை தள்ளி, பிறகு கீழே அமத்துங்கள். இரு பக்கக் கிளிப்பும் ‘டிக்’ என்று பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் கார்ட் சரியாக உட்காரவில்லை.

மழைக்காலம் வந்தால் காலையில் டெஸ்க்டொப் ஓன் ஆவதில்லை, பீப் பீப் என்று சத்தம் மட்டும். ரெம்மைக் கழற்றிப் போட்டால் வேலை செய்கிறது. சில நாளில் மறுபடியும். புது ரெம் வாங்கவா? (வட்டவளை)

இப்போதைக்கு வாங்க வேண்டாம். கழற்றிப் போட்டால் சரியாவதே, கோளாறு சிப்பில் இல்லை, தொடுப்பில் இருக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம். உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை காற்றே ஈரம். ரெம்மின் பற்களில் தங்கப் பூச்சு இருந்தாலும் அது மிக மெல்லியது. நுண்ணிய துவாரங்கள் வழியே அடியில் உள்ள உலோகம் கறுக்கும். ஸ்லொட்டில் படியும் தூசியும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பகலில் சூடாகி இரவில் குளிரும்போது கார்ட் மயிரிழை அளவு அசைந்து, படலம் தொடுப்புக்கு நடுவே வந்துவிடும். கழற்றிச் செருகும்போது அது உரசி நீங்குவதால் சில நாள் ஓடுகிறது.

பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானை அழுத்தி மிச்ச மின்னை இறக்குங்கள். கேசின் உலோகத்தைத் தொட்டபின் இரு பக்கக் கிளிப்பையும் விலக்கி ரெம்மை எடுங்கள். மென்மையான வெள்ளை அழிறப்பரால் பற்களை மேலிருந்து விளிம்பு நோக்கி மெதுவாகத் தேயுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், பூச்சு போனால் கார்ட் போனது போலத்தான். துகளைத் துடைத்து, ஐசோபுரோபைல் அல்கஹோல் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பாவிக்காதீர்கள், சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும். ஸ்லொட்டைக் காய்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். திருப்பிப் போடும்போது இரு முனையும் பிடிக்கும் வரை நேராக அழுத்துங்கள்.

அடுத்தது கணினி வைத்திருக்கும் இடம். லைன் வீடுகளில் வெளிச்சுவரை ஒட்டி, சீமெந்துத் தரையில் பெட்டியை வைப்பது வழக்கம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பலகையின் மேல் வையுங்கள். நிறுத்தியவுடன் பொலித்தீன் போட்டு மூடினால் உள்ளே ஈரம் அடைபடும், துணி போதும்.

சுத்தம் செய்தும் இடைக்கிடை விண்டோஸ் நின்றுபோய் நீலத்திரை வந்தால் ‘விண்டோஸ் மெமரி டயக்னொஸ்டிக்’ ஓட்டிப் பாருங்கள். ஓடும்போது எஃப்1 அழுத்தி ‘எக்ஸ்டென்டட்’ என்று மாற்றுங்கள், நேரம் எடுக்கும், இரவில் விடலாம். பிழை காட்டினால் கார்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள். ஒரு கார்ட் எந்த ஸ்லொட்டிலும் பிழை தந்தால் கார்ட் கெட்டது. எந்தக் கார்டும் ஒரே ஸ்லொட்டில் பிழை தந்தால் மதர்போர்ட் கெட்டது.

120 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத வேகமான டிஸ்க்) போட்டேன். பேஜிங் ஃபைல் எஸ்எஸ்டியைத் தின்றுவிடும், டி டிரைவில் உள்ள பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்று என்கிறார்கள். (கொட்டகலை)

மாற்றாதீர்கள். எஸ்எஸ்டி வாங்கியதன் முக்கிய பலனையே திருப்பிக் கொடுப்பது போலாகும். பேஜிங் ஃபைலில் நடப்பது பெரும்பாலும் சிறு சிறு வாசிப்புகள். விண்டோஸ் 7 காலத்தில் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட கணக்கில், ஒருமுறை எழுதுவதற்கு ஏறக்குறைய 40 முறை வாசிப்பு. எஸ்எஸ்டி மிக நன்றாகச் செய்யும் வேலையும், ஹார்ட் டிஸ்க் மிக மோசமாகச் செய்யும் வேலையும் அதுவே. தேய்வதும் எழுதுவதால்தான், வாசிப்பதால் அல்ல.

இடம்தான் பிரச்சினை என்றால் படங்களையும் வீடியோக்களையும் டி டிரைவுக்குத் தள்ளுங்கள். ‘ஹைபர்னேட்’ (ரெம்மில் உள்ளதை டிஸ்க்கில் சேமித்துக் கணினியை நிறுத்தும் வசதி) பாவிக்காதவர் அதை நிறுத்தினால் ரெம்மின் 40 சதவீத அளவு இடம் மிஞ்சும். அதற்கும் மேல் நெருக்கடி என்றால், 8 ஜிபி ரெம்முக்கு பேஜிங் ஃபைலை 2048–4096 என்று கட்டுப்படுத்தலாம். முழுதாக எடுத்துவிட்டால் நீலத்திரை வரும்போது அதற்கான பதிவும் எழுதப்படாது, திருத்துபவர் இருட்டில் தேட வேண்டியிருக்கும்.

டியூட்டரிக் கணினியில் 16 ஜிபி ரெம். கிழமை தொடக்கத்தில் நன்றாக ஓடும், கடைசியில் 90 சதவீதம் காட்டும். டாஸ்க் மெனேஜரில் உள்ளவற்றைக் கூட்டினால் 5 ஜிபி கூட வரவில்லை. தினமும் இரவில் ஷட் டவுன் செய்கிறோமே! (மஸ்கெலியா)

கடைசி வரியில்தான் விடை இருக்கிறது. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இருக்கும் விண்டோஸில் ஷட் டவுன் என்பது முழு நிறுத்தம் அல்ல. உங்கள் புரோகிராம்கள் மூடப்படும், ஆனால் விண்டோஸின் உட்பகுதியும் வன்பொருளை இயக்கும் டிரைவர் மென்பொருள்களும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, காலையில் அப்படியே திரும்ப வரும். ஏதோ ஒரு டிரைவர் மெமரியை எடுத்துத் திருப்பிக் கொடுக்காமல் இருந்தால், அந்தக் கசிவு நாளுக்கு நாள் சேரும். ரீஸ்டார்ட் மட்டும்தான் அதை உண்மையில் துடைக்கும்.

மெமரிப் பக்கத்தில் ‘நொன்-பேஜ்ட் பூல்’ என்ற எண்ணைப் பாருங்கள். சாதாரண கணினியில் அது சில நூறு எம்பிதான். 2, 3 ஜிபி என்று நின்றால் டிரைவர் கசிவு என்று எடுத்துக்கொள்ளலாம். பேஜிங் ஃபைலுக்குப் போக முடியாத பகுதி அது. ஆகவே வேர்ச்சுவல் மெமரியைக் கூட்டுவது உதவாது. வைஃபை, நெட்வேர்க் டிரைவர்களை முதலில் சந்தேகியுங்கள், அடுத்து என்டிவைரஸ். கம்பனியின் இணையத்தளத்திலிருந்து புதிய டிரைவரைப் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, அந்த எண்ணைத் தினமும் குறித்து வாருங்கள். ஏறாமல் நின்றால் பிடித்துவிட்டீர்கள். அதுவரை மாலையில் ஷட் டவுனுக்கு முன் ஒரு ரீஸ்டார்ட் போதும்.

கரண்ட் அடிக்கடி போகிறது. திடீரென்று நின்றால் பேஜிங் ஃபைல் பழுதாகுமா? (ஹாலிஎல)

அதைப் பற்றிக் கவலை வேண்டாம். அடுத்த முறை ஓன் ஆகும்போது பேஜிங் ஃபைலில் இருந்த பழையது எதுவும் பாவிக்கப்படுவதில்லை. பாதிப்பு வருவது சேமிக்காத வேலைக்கும், அந்த நேரம் எழுதிக்கொண்டிருந்த ஃபைலுக்கும்தான். 650 விஏ யூபிஎஸ் ஒன்று சேமித்து மூடச் சில நிமிடம் தரும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி தொடங்கினால் பிளக்கோடு ரவுட்டர் வயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

ரெம் பூஸ்டர் மென்பொருள் நல்லதா? (பூண்டுலோயா)

இல்லை. ஓடும் புரோகிராம்களின் தரவுகளை ரெம்மிலிருந்து வெளியே தள்ளி ‘2 ஜிபி விடுவித்தோம்’ என்று காட்டும். அடுத்த கிளிக்கில் அவை திரும்ப வர வேண்டும், அதனால் இன்னும் மெதுவாகும்.

பென் டிரைவை ரெம்மாகப் பாவிக்கலாமா? (நோர்வூட்)

விண்டோஸ் விஸ்டாவில் வந்த ‘ரெடிபூஸ்ட்’ ஐக் கேட்கிறீர்கள். அது ரெம்மைக் கூட்டாது, ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு துணை மட்டும். கொமிட்டட் எல்லை அதனால் ஒரு எம்பி கூட உயராது. எஸ்எஸ்டி இருந்தால் அதற்கு வேலையே இல்லை.

போன் விளம்பரத்தில் ‘4+4 ஜிபி ரெம்’ என்கிறார்கள். 8 ஜிபி போனுக்குச் சமமா? (புசல்லாவ)

சமமில்லை. இரண்டாவது 4, போனின் ஸ்டோரேஜிலிருந்து வெட்டி எடுத்த இடம், கணினியின் பேஜிங் ஃபைல் போலத்தான். பின்னால் விட்ட செயலிகள் சில கூடுதலாக உயிரோடு இருக்கும், கேம் வேகமாகாது. 64 ஜிபி போனில் இடம் நிரம்பி வருகிறதென்றால், செட்டிங்ஸில் அதை 2 ஆகக் குறைத்தோ நிறுத்தியோ ரீஸ்டார்ட் செய்யுங்கள், எடுத்த இடம் திரும்பக் கிடைக்கும்.